வேலு திருப்பிவிட்ட தண்ணீர்

சேவூரில் சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்கிற நிலையத்தில் வேலுவுக்கு ஆபரேட்டர் வேலை. அதற்கு முன்னால் இருபது வருஷம் சாயப்பட்டறை. அப்போதெல்லாம் அவன் கையைப் பார்த்தே, ஆரணியில் இந்த வாரம் என்ன கலர் சேலை ஓடுகிறதென்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். பெண் பார்க்கப் போனபோது இரண்டு கையையும் துண்டுக்குள் ஒளித்துவைத்திருந்தானாம். இதை ஊர் பூராவும் பரப்பியவள் அவன் மனைவி ரேணுகாம்பாள்தான்.

நிலையத்தில் கடைசியாக இருப்பது கரித்தொட்டி. மற்றத் தொட்டிகளுக்குப் பிடிபடாத கெமிக்கலைக் கரிதான் பிடித்துவைக்கும். கரி நிறைந்துபோனால் மாற்ற வேண்டும். அதைக் கண்டுபிடிக்க வேலு ஒரு வழி வைத்திருந்தான். சாயம் ஏற்றாத பட்டு நூலில் ஒரு பிடி எடுத்து, வெளியே வரும் தண்ணீரில் ஊறப்போடுவான். நூல் வெள்ளையாகவே இருந்தால் கரிக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது. பட்டறைக்காரன் கண் தப்பாது என்று அவனுக்கு ஒரு மிதப்பு.

அந்த மிதப்பில்தான், கிணறு வற்றிய வருஷம் பக்கத்து நிலத்துக் கெங்கம்மாளுக்குக் குழாயைத் திருப்பிவிட்டான்.

"எத்துக்கோக்கா. பட்டே வெள்ளையா நிக்குது, உன் கீரைக்கு இன்னா கேடு?"

நாலு வருஷம் அவள் கீரை அதில்தான் விளைந்தது.

போன வாரம் வேலூரிலிருந்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் வேலை பார்க்கும் அனுஷா தண்ணீர் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வந்தாள்.

"கரி எப்போ மாத்துனீங்க?"

"ரெண்டு வருஷம் ஆவுது. நல்லாத்தாம்மா கீது. நூலப் பாருங்க."

"கலர் முன்னாடி தொட்டியிலயே போயிடுதுங்க. கலர் இல்லாத கெமிக்கல் அப்படியே வெளிய வந்துகினு இருக்கு. அது மக்காது. மண்ணுலயே தங்கிடும்."

வேலு குழாயை மூடினான். சோற்றுத் தூக்கைத் திறக்காமலே, வரப்பில் கீரைக்கட்டு கட்டிக்கொண்டிருந்த கெங்கம்மாளிடம் போய் நின்றான்.

"இன்னாடா, மூஞ்சி செத்துப்போய் கீது? ரேணுகா அடிச்சிட்டாளா?"

சொன்னான். அவள் கை நின்றது.

"விஷமாடா?"

"இன்னா பண்ணும்னு அந்தப் பொண்ணுக்கே சொல்லத் தெரில. துன்னக் கூடாதுன்னுச்சு."

கெங்கம்மாள் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள்.

"உம் பொண்ணு தேவிப்ரியா மாசமா இருந்தப்போ தெனம் ஒரு கட்டு குடுத்தனே. நீதானடா வந்து வாங்கினு போன."

அவள் கட்டிய கட்டுகளையெல்லாம் அவிழ்த்துக் கீழே கொட்டினாள். மாடு வாய் வைத்துவிடக் கூடாதே என்று அவன் மம்முட்டியை எடுத்தான்.

"எங்கடா பொதைக்கப் போற? சுத்தி எல்லாம் அந்தத் தண்ணி பாஞ்ச மண்ணுதான."

எங்கே வெட்டுவதென்று தெரியாமல் வேலு நின்றான்.