அவளுடைய உருவத்தில் இன்னொருவர்

இரத்தினபுரிப் பக்கம் கஹவத்தை டவுனில் நஜீப்பின் இன்டர்நெட் கடையில் வேலை பார்த்த கிருஷ்ணகுமாரிக்கு இரண்டு உடம்புகள். ஒன்று, தினமும் றப்பர் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பஸ் ஏறி வருகிற உடம்பு. மற்றது கம்ப்யூட்டருக்குள் இருந்தது. குட்டை முடி, சிவப்புக் கோட்டு, நிலா என்று பெயர். எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆளுக்கொரு உருவம் செய்துகொண்டு உலாவிப் பேசுகிற இணைய நகரம் அது. மத்தியானம் கடை ஓய்ந்ததும் அவள் அங்கே போய்விடுவாள்.

அங்கேதான் சுமித்ரா பழக்கமானாள். யாழ்ப்பாணத்துக்காரி, டொரொன்டோவில் இருந்தாள். இரண்டு பேரும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டி எட்டு மாதம் பேசினார்கள். தன் அண்ணன் வன்னியில் சண்டைக்குள் மாட்டிக்கொண்டிருப்பதை சுமித்ரா அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

2009 ஏப்ரலில் ஒரு மத்தியானம், சிவில் உடுப்பில் பொலிஸ்காரர் இரண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். ஒருவர் நஜீப்பிடம் வாடிக்கையாளர் பெயர்ப் புத்தகத்தைக் கேட்டார். மற்றவர் நேராகக் கிருஷ்ணகுமாரியிடம் வந்தார். திரையை மூட அவள் கை போனது.

"நங்கி, அது அப்படியே இருக்கட்டும்" என்றார் சிங்களத்தில், தங்கச்சி என்று கூப்பிட்டு. "எந்தத் தோட்டம்?"

தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் அன்றைக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"சார், அது பொம்பளப் புள்ளைகள் உடுப்பு மாத்தி விளையாடுற கேம்" என்று நஜீப் குறுக்கே வந்தார்.

அந்தப் பொலிஸ்காரர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து பட்டன்களைத் தட்டினார். நிலா முன்னும் பின்னும் நடந்தாள். தன் கையை யாரோ பிடித்து இழுப்பதுபோல் கிருஷ்ணகுமாரிக்கு இருந்தது. அந்த நேரம் பார்த்து சுமித்ராவின் உருவம் பக்கத்தில் வந்து நின்றது. எழுத்து விழுந்தது.

"வன்னியில இருந்து அண்ணாட தகவல் ஒண்டும் இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். "வன்னி... எந்த வன்னி இது?"

அவள் முந்திக்கொண்டாள். "வண்ணம், சார். கலர். என்ன கலர் கவுன் வாங்குறதுன்னு கேக்குறாங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு விரலால் மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டினார்: ரெட்.

திரையில் "என்ன?" என்று விழுந்தது. அடுத்ததாக, "நீ ஆர்?"

அதற்குள் அவர் எழுந்துவிட்டார். பெயர்ப் புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள். கிருஷ்ணகுமாரி அங்கேயே உட்கார்ந்து நிலாவை அழித்தாள்.

"புள்ள, நாளைக்கு வராத. ஒரு கிழமைக்கு வீட்ல இரு" என்றார் நஜீப்.

அந்த ஏழு நாளும் லயத்துப் பக்கம் வேன் சத்தம் கேட்டால், தன்னைப் பிடித்துப்போக வந்ததென்று அவள் சோற்றுக் கையோடு எழுந்து நிற்பாள். யாரும் வரவில்லை. பயம் மட்டும் போகவில்லை. அதைவிட, அந்த 'ரெட்' அவளைத் தின்றது. அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று தவிக்கிறவளுக்கு அவள் பெயரில் போன பதில் அது.

மே மாதத் தொடக்கத்தில் யாருக்கும் சொல்லாமல் இரத்தினபுரிக்குப் போனாள். அங்கே ஒரு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து, புதிதாக ஓர் உருவம் செய்துகொண்டு சுமித்ராவைத் தேடிப் பிடித்தாள்.

"நான்தான் நிலா. அன்னைக்கு பொலிஸ் வந்துட்டாங்க. அத எழுதினது நான் இல்ல."

பதில் மெதுவாக வந்தது. "அண்டைக்கு நிலாவுக்குள்ள ஆரோ இருந்தவை. இப்ப உங்களுக்குள்ள ஆர் இருக்கினம் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? அண்ணாவைப் பற்றி ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"யாருக்கும் சொல்லல. சத்தியமா சொல்லல."

"தயவுசெய்து எங்களை விட்டிடுங்கோ."

தன்னைப் பொலிஸ் என்று நினைத்து சுமித்ரா கெஞ்சுகிறாள் என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தன்னை நம்பவைக்க என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரில் நின்ற உருவம் மறைந்துபோனது.

கிருஷ்ணகுமாரி மறுபடி அந்த நகரத்துக்குள் போகவில்லை. அதே மாதம் சண்டை முடிந்தது. சுமித்ராவின் அண்ணனுக்கு என்ன ஆனதென்று அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை.