பாய்க்கப்பலில் இருபது லீற்றர் தண்ணீர்

காலை 6.40க்கு பிரெடெரிசியாவில் ரயில் ஏறினேன். ஓகூஸ் போய்ச்சேர ஒரு மணித்தியாலம். அங்கிருந்து துறைமுகத்துக்குப் பதினைந்து நிமிட நடை. வழியில் ஒரு கோப்பி முப்பத்தைந்து குரோணர், அதுவும் பேப்பர்க் கோப்பையில்.

கப்பல் நூறு வயது தாண்டிய மூன்று பாய்மர மரக்கப்பல். சம்சோத் தீவின் வடமுனைவரை போய் மாலையில் திரும்பும். சாப்பாட்டோடு எழுநூற்றைம்பது குரோணர். பயணிகள் பதினான்கு பேரும் ஆளுக்கு இரண்டு மணித்தியாலம் வேலை செய்யவேண்டும் என்பது நிபந்தனை. காசையும் கொடுத்து வேலையும் செய்வது டென்மார்க்கில்தான் நடக்கும்.

நான் சமையலறையைக் கேட்டு வாங்கினேன். காரணம், அன்றைய சமையல்காரி என் மகள் துளசி. வயது இருபத்துநான்கு. இந்தக் கப்பல் கோடையில் மூன்று வாரம் பரோத் தீவுகளுக்குப் போகிறது. அதில் சமைக்க விண்ணப்பித்திருந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவளுக்கு அந்த வேலை கிடைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் நான் ஏறினேன். என் மனைவிக்கும் அதே நினைப்புத்தான். அந்தக் குளிர்கடலில் மூன்று வாரம் பெண்பிள்ளையை விட்டுவிட்டு எங்களுக்கு நித்திரை வராது.

ஒன்பது மணிக்குக் கயிறு அவிழ்த்தார்கள். ‘கபூஸ்’ என்று அவர்கள் சொல்லும் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாது. விறகு எரியும் இரும்பு அடுப்பு. சட்டி வழுக்காமல் அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி. எந்தப் பானையையும் பாதிக்குமேல் நிரப்பக்கூடாது. கப்பல் சரிந்தால் கொதிநீர் காலில்தான்.

கப்பலை நடத்தும் ஸ்கிப்பர் அறுபது வயதுப் பெண். இருபது லீற்றர்க் கலன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, சமையலுக்கும் கோப்பிக்கும் மாலைவரை இதுதான் என்றார். அந்தக் காலத்தில் நல்ல தண்ணீரை அளந்துதான் கொடுத்தார்களாம். மீதித் தண்ணீர் இருந்த தாங்கி பூட்டியிருந்தது; அதன் திறப்பு அவர் இடுப்பில் தொங்கியது. குடிக்கும் தண்ணீரைப் பயணிகள் போத்தலில் கொண்டுவந்திருந்தார்கள்.

கழுவுவதெல்லாம் கடல்நீரில். கன்வஸ் வாளியைக் கயிற்றில் கட்டி எறிந்து அள்ளவேண்டும், துறைமுகம் தாண்டிய பிறகு மட்டும். சாதாரண சவர்க்காரம் உப்புநீரில் நுரைக்காது. எண்ணெய்ச் சட்டிக்கு மணல் போட்டுத் தேய்க்கவேண்டும். முதல் வாளி அழுக்குநீரைக் காற்று வரும் பக்கமாக ஊற்றினேன். அவ்வளவும் திரும்பி என் சேட்டில் விழுந்தது. துளசி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பதினொரு மணிக்கு அவள் மீன் வெட்ட மேல்தட்டுக்குப் போனாள். மூன்று கிலோ அரிசி இருந்தது. நான் இருபது வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் சமையலறை வேலை செய்பவன். சும்மா இருப்பேனா? கலனில் இருந்த நல்ல தண்ணீரில் கழுவத் தொடங்கினேன். தண்ணீர் தெளியும்வரை கழுவிப் பழகிய கை, இரண்டாம் தண்ணீரோடு நிற்காது. ஒவ்வொரு தடவையும் கழுநீரைக் கடலில் ஊற்றினேன், இப்போது சரியான பக்கமாக. பிறகு அரிசியை ஊறவிட்டேன்.

துளசி இறங்கிவந்து கலனைத் தூக்கிப் பார்த்தாள். மூன்று லீற்றர்கூட இல்லை.

"அப்பா, எத்தினை தண்ணியில கழுவினீங்கள்?"

"அஞ்சு."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று மணிக் கோப்பி இல்லாவிட்டால் டேனிஷ்காரர் கப்பலையே திருப்பிவிடுவார்கள் என்று டேனிஷில் முணுமுணுத்தபடி, மிச்சத்தைக் கோப்பிக்கு எடுத்துவைத்தாள். பிறகு இரண்டு பானைகளில் கடல்நீரைப் பாதிக்கு நிரப்பி அடுப்பில் ஏற்றினாள். வாய்களில் துணி கட்டி, ஊறிய அரிசியைப் பரப்பி மூடினாள்.

"ஆவியில உப்பு வராதப்பா. அம்மா புட்டு அவிக்கிற மாதிரித்தான்" என்றாள்.

அப்போது ஸ்கிப்பர் வந்து கலனைச் சரித்துப் பார்த்தார். யார் இவ்வளவையும் முடித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் துளசி, கபூசுக்குப் பொறுப்பு நான் என்றாள். ஸ்கிப்பர் கலனை நிமிர்த்திவைத்துவிட்டு மேலே போனார்.

நான் நினைத்துவந்தது நடந்துகொண்டிருந்தது. பேசாமல் இருந்தாலே போதும். ஆனால் அவள் அடுப்படியில் குனிந்து துணியின் முடிச்சை இறுக்குவதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேலே ஏறி, தண்ணீரை முடித்தது நான், பிள்ளையில் பிழையில்லை என்று சொன்னேன்.

ஸ்கிப்பர் சுக்கானை விடாமல் தலையாட்டினார். வெள்ளைத் தண்ணீர் ஐந்து முறை கடலில் விழுந்ததைப் பார்த்தாராம். முன்பு பரீட்சைக்கு வந்த இருவரும், தண்ணீர் போதாமல் போனதும், நேரே வந்து தாங்கியின் திறப்பைக் கேட்டார்களாம்.

"உங்கள் மகள் இன்னும் கேட்கவில்லை" என்றார்.

ஒன்றரைக்குச் சோறு வந்தது. கொஞ்சம் விறைப்பு, ஆனால் உதிரி உதிரியாக. தகரத்துத் தேங்காய்ப்பாலில் மீன்குழம்பு. எல்லோரும் இரண்டாம் தரம் வாங்கினார்கள். மூன்று மணிக்கு ஆளுக்கொரு சின்னக் கோப்பை கோப்பியும் கிடைத்தது. கோப்பைகளைக் கடல்நீரில் நான்தான் கழுவினேன்.

ஆறரைக்கு ஓகூஸில் கட்டினோம். ஸ்கிப்பர் துளசியின் கையைக் குலுக்கி, பரோவுக்கு நீதான் என்றார். எனக்குச் சந்தோசம் நெஞ்சு நிறைய வந்தது. பயம் போகவில்லை, அது ஒரு பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். அவள் அடுப்பைத் துடைக்க நின்றுவிட்டாள்; நான் தனியே ரயில் ஏறினேன்.

ஸ்கனர்பொர்க் தாண்டும்போது மனைவி தொலைபேசியில் வந்தாள்.

"கிடைச்சிட்டுதோ?"

"ஓம்."



"அப்ப நீங்கள் அங்கை போய் என்ன செய்தனீங்கள்?"

"அரிசி கழுவினனான்" என்றேன்.