எதிர்ச் சரிவில் ஒரு சிவப்புத் துணி

போளூர்ப் பக்கம் கல் குவாரி வந்த எழுபத்தெட்டிலிருந்து, பாறை துளைக்கிற மிஷினைப் பிடிப்பதுதான் சடையனுக்குப் பிழைப்பு. காதில் பஞ்சு வைக்கச் சொன்னவர்களிடம், "நானு இன்னா காது குத்தின கொழந்தையா?" என்பான். வெடிக்கு முன்னால் விசில் அடித்துச் சிவப்புத் துணி ஆட்டுவார்கள். எல்லாரும் விசிலுக்கு ஓடினார்கள்; சடையன் துணியைப் பார்த்து ஓடினான். இந்த வித்தியாசம் அவனுக்கே தெரியாது.

மலையில் அவன் வீடு ஒரு சரிவில், மச்சான் காசியின் வீடு எதிர்ச் சரிவில். சேதி என்றால் பெயர் சொல்லிக் கூவுவார்கள். கூவப்பட்டவன்தான் பதில் கூவ வேண்டும். அவன் நிற்கும்போது வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. பதில் இல்லையென்றால் உறவு வேண்டாம் என்று அர்த்தம்.

இப்படிப் பல வருஷம் போனபின் ஒரு நாள், புளி உலுக்க வரச்சொல்லிக் காசி கூவினான். வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த சடையன் திரும்பவில்லை. மறுபடி கூவினான். சடையன் வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போனான். அவன் மனைவி முத்தம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் அண்ணனோடு இவருக்கு என்ன சண்டையோ? கேட்டால் பெரிதாகுமென்று அடுப்பு வேலையைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் காசி வேறு ஆட்களோடு புளி உலுக்குவதைப் பார்த்துச் சடையனுக்கு மனசு விட்டுப்போனது.

"உங்கண்ணன் என்னைக் கூப்புடவே இல்ல பாத்தியா?" என்று கத்தினான். இப்போதெல்லாம் அவன் பேச்சே கத்தல்தான்.

முத்தம்மா அவன் முகத்துக்கு நேரே வந்து நின்று, அவளும் கத்தினாள். "நேத்து ரெண்டு வாட்டி கூவுச்சே! நீங்கதான் மூஞ்சியத் திருப்பிக்கினு போனீங்க."

சடையன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். காது போனதைவிட, மச்சான் தன்னை என்ன நினைத்திருப்பான் என்பதுதான் சுட்டது. பள்ளத்தில் இறங்கி ஏறி, காசியின் முன்னால் போய் நின்றான்.

"கேக்கல மச்சான். மிஷினு காதத் தின்னுடுச்சி."

காசி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நம்ம பெரிய மரத்த எவனையும் தொட வுடலய்யா. உனக்குன்னு வெச்சிக்கிறேன்." சடையனுக்குக் கேட்காததால், மரத்தைக் கையால் காட்டினான்.

குவாரியிலிருந்து பழைய சிவப்புத் துணி ஒன்று காசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பெரிய மரத்தை உலுக்குகிற காலையில் அது எதிர்ச் சரிவில் ஆடியது. சடையன் கையைக் குவித்துக்கொண்டு கூவிய கூவலில் முத்தம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

"சரியா கேட்டுதா?" என்றான் சடையன்.

போளூருக்கே கேட்டிருக்கும். அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.