முத்துமீனாவின் இங்கிலீஷ் பரீட்சை

சமயநல்லூர் முத்துமீனாவுக்கு இங்கிலீஷ் என்றாலே ஆகாது. பத்தாம் வகுப்பில் மற்ற எல்லாவற்றிலும் தேறியவள், அதில் மட்டும் கோட்டை விட்டாள். அப்புறம் கல்யாணம், பிள்ளை, அடுப்படி. இங்கிலீஷை யார் கேட்டார்கள்? அரசாங்க வேலையில் இருந்த கணவன் பாண்டியராஜன் மாரடைப்பில் பொசுக்கென்று போன பிறகுதான் கேட்டார்கள். அவனுக்குப் பதிலாக அவளுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் பத்து பாஸாகியிருக்க வேண்டுமாம். பாவி மனுசன், போகிற நேரத்திலா இதையும் தலையில் கட்டிவிட்டுப் போக வேண்டும்!

மகள் சத்யப்ரியாவுக்கும் அந்த வருஷம்தான் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவை உட்காரவைத்து, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு இழுப்பாள். கோட்டின் மேல் எழுவாய், வினை, செயப்படுபொருள். 'இன் தி மார்னிங்', 'அண்டர் தி ட்ரீ' மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிற சொற்றொடர்கள் எல்லாம் கீழே கிளை கிளையாக. ஒன்று இடம் மாறினாலும் அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வாள்.

"மண்டையில ஏறமாட்டேங்குதுடி."

"ஏறும்மா. எம்புட்டு நேரமானாலும் பரவால்ல, போடு. ஒலைய நான் பாத்துக்கிறேன்."

சோறு வடித்ததும் மகள்தான், பாத்திரம் துலக்கியதும் மகள்தான். முத்துமீனா கோடும் கிளையுமாகவே கிடந்தாள். பங்குனி வெயிலில் இருவரும் பரீட்சை எழுதினார்கள்.

முடிவு வந்த அன்று சத்யப்ரியாதான் செல்போனில் பார்த்தாள். "அம்மா, நீ பாஸு!"

முத்துமீனா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுச் செல்லத்தாய், விஷயம் தெரிந்ததும் சீனியை அள்ளிவந்து அவள் வாயில் போட்டாள்.

"இனி ஒன்னையப் பிடிக்க முடியாது மதினி! ஆமா, மக எம்புட்டு மார்க்கு?"

சத்யப்ரியா போனைக் கவிழ்த்து வைத்தாள். "கணக்குல போயிருச்சு அத்தை."

அத்தனை மாதத்தில் முத்துமீனா ஒருநாளாவது, கணக்குப் புத்தகத்தைத் தொட்டாயா என்று கேட்டாளா? தானும் ஒரு தாயா என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"படிக்க நேரமில்லன்னு ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ இங்கிலீஷ மூடி வச்சிருவ. அந்த வேலையும் இல்லைன்னா நாம எதத் திங்கிறது?"

செல்லத்தாய் வெளியேறினாள். மகளின் தோளைத் தொடக்கூட முத்துமீனாவுக்குத் துணிச்சல் வரவில்லை.