றெஜினாவின் கிரகத்தை இல்லாமல் செய்தவள்

குசினியில் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அன்ரனின் அழைப்பு வந்தது. கை முழுக்க மை. ஸ்பீக்கரில் போட்டேன். "மலரக்கா, றெஜினா அக்கா போயிட்டா. வேலைக்கு வெளிக்கிட்டு நிண்டவவாம். நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு கதிரையில இருந்தவ, அவ்வளவுதான்," என்று அவளுடைய தம்பி அழுதான். உள்ளதைச் சொல்கிறேன். 'பாவி, இதிலும் எனக்கு முந்திவிட்டாளே' என்பதுதான் என் மனதில் முதலில் வந்தது. கணவாயைக் கழுவி முடித்த பிறகுதான் அழுகை வந்தது.

அவள் இங்கே அன்புவழிபுரத்தில் வளர்ந்ததும், வேற்றுச் சூரியன்களைச் சுற்றும் கிரகங்களைத் தேடிப் போனதும், விண்வெளித் தொலைநோக்கிகளை உருவாக்கியதும் நீங்கள் அறிந்தவை. நினைவுப் பூசையில் சுவாமியாரும் அவற்றை அழகாகச் சொன்னார். நான் சொல்லப்போவது வேறு. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பௌதிகப் பட்டம். வெளிநாட்டுப் புலமைப்பரிசில் அவளுக்குக் கிடைத்தது. எனக்கு ஊரிலேயே, ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீடும் விரிவுரையாளர் வேலையும் கிடைத்தன. அவள்மீது எனக்கு இருந்தது பொறாமை. அதை மரியாதை என்று மாற்றி எழுத எனக்கு ஏலாது. ஒருநாள், ஒரேயொரு நாளாவது, அவள் என்னைப் பார்த்து வயிறெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசையாக இருந்தது.

ஒருமுறை லீவில் வந்தவளை மீனவர் சங்க மண்டபத்தில் பேசக் கூப்பிட்டார்கள். நட்சத்திரத்தின் கூசும் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மங்கலான கிரகத்தை எப்படிப் பார்ப்பது என்று கரும்பலகையில் விளக்க ஆண்டுதோறும் நாய் படாத பாடு படுகிறவள் நான். அவள் எழும்பி, "பின்னேரம் உள்துறைமுகத்துக்கு வள்ளம் வருதோ எண்டு எப்பிடிப் பாக்கிறனீங்கள்?" என்று கேட்டாள். மண்டபமே கையைத் தூக்கி, இல்லாத சூரியனை மறைத்துக் காட்டியது. "அதைத்தான் நானும் செய்யிறன். தொலைநோக்கிக்குள்ள சின்னக் கை ஒண்டு வைக்கிறன்," என்றாள். முன்வரிசையில் இருந்த கிண்ணியா வள்ளக்காரர் ஒருவர், "விளங்கிட்டு பிள்ள," என்று தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் துறைமுகம் என் ஜன்னலுக்கு வெளியேதான் கிடக்கிறது. ஏன் எனக்கு அது தோன்றவில்லை?

பிறகு அவளுடைய பெயர்பெற்ற கிரகம் வந்தது. சந்தியில் 'எங்கள் மண்ணின் மகள்' என்று பதாகை கட்டினார்கள். என் மாமியாரோ பத்திரிகைப் படத்தை வெட்டி, என் வீட்டு அலுமாரிக் கதவிலேயே ஒட்டிவிட்டா. சேலை எடுக்கப் போகும்போதெல்லாம் றெஜினா சிரித்தாள்.

அந்தக் கண்டுபிடிப்பின் தரவுகளை எவரும் இறக்கிப் பார்க்கலாம். நானும் இறக்கினேன். எதற்கு? பிழை பிடிக்கத்தான். கிரகம் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் கொஞ்சம் குறையும். ஒரே கிரகம் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதான் குறையவேண்டும். இங்கே வெளிச்சம் ஒருமுறை கூடவும் மறுமுறை கொஞ்சமாகவும் மங்கியது. இரண்டு நட்சத்திரங்கள் மாறிமாறி ஒன்றையொன்று மறைத்தால்தான் அப்படி வரும். ஐயோ கடவுளே, அங்கே கிரகமே இல்லை! அவளுடைய குழு எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிட்டது. கிரகம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் எங்கள் தொழிலில் விடுகிற பிழை அது. நான் அன்றைக்கு வெட்கமில்லாமல் பாயாசம் வைத்தேன்.

கணக்கை அவளுக்கு அனுப்பிவிட்டுச் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவள் அழைத்தாள். "எடியே கெட்டிக்காரி! நாங்கள் இவ்வளவு பேர் இருந்து பாத்தும் காணேல்லையே. எப்பிடியடி பிடிச்சனி?"

"நீ பிழை விட்டிருக்கோணும் எண்டு ஆசைப்பட்டுப் பாத்தனான்," என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப இனி என்ர எல்லாத்தையும் நீயே பார். இவ்வளவு ஆசையோட பாக்க இஞ்ச எனக்கு ஒருத்தரும் இல்லை."

கட்டுரையை மீளப்பெறும் அறிவிப்பில், பிழையைக் கண்டவள் என்று என் பெயரையே முதலில் போட்டாள். ஆகவே உலகம் என்னை அறிவது ஒரு கிரகத்தை இல்லாமல் செய்தவளாக. அடுத்த லீவில் வந்து, என் மாணவர்களுக்கே அந்தக் கதையைச் சொன்னாள். எழும்பி நின்று கைதட்டினார்கள், அவளுக்கு! பிடித்தவள் நான், பிழை விட்டவள் அவள். இந்த அநியாயத்தை எங்கே போய் முறையிடுவது? இரவு என் வீட்டில் சாப்பிடும்போது, "இவ்வளவு பெரிய கிரகம் போச்சே, உனக்குக் கவலையே இல்லையா?" என்று கேட்டேன். "இல்லாதது எப்பிடியடி போகும்? அந்தச் சொதியை இஞ்சால தள்ளு," என்றாள். அவளுடைய விருதுகளைவிட அந்தப் பசியைப் பார்த்துத்தான் எனக்குக் கூடப் பொறாமை. மாமியார் பெரிய மீன் துண்டையும் அவளுக்கே வைத்தா.

அன்று முதல் அவள் எதையும் வெளியிடுமுன் எனக்கு அனுப்புவாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு உடைக்கப் பார்ப்பேன். கிரகம் என்று நான் கண்டவற்றை அவளுக்கு அனுப்புவேன். "மலர், இது கிரகமில்லை, கருவி சூடானதால வந்தது," என்று ஒவ்வொன்றாக உடைத்துப் போடுவாள். ஒன்றும் மிஞ்சவில்லை. போன மாதமும் ஒன்று அனுப்பினேன். வழக்கமாக உடனே பதில் எழுதுகிறவள், இந்தமுறை எழுதவில்லை. வேலை கூடவாக்கும் என்று விட்டுவிட்டேன்.

பூசை முடிந்து முற்றத்தில் பிளேன்ரீ கொடுக்கும்போது அன்ரன் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, ஒண்டு சொல்லுறன், கோவிக்கக்கூடாது. நீங்கள் ஏதோ அனுப்பினீங்களாம். அதை உடைக்க எல்லா வழியாலயும் பாத்தவவாம், ஏலாமப் போச்சாம். 'மலர் கிரகம் ஒண்டு பிடிச்சிட்டாளடா, எனக்கு வயிறு எரியுது' எண்டு என்னட்டச் சொன்னவ."

"பகிடியாத்தானே சொன்னவ?" என்று கேட்டேன்.

அவன் சற்று யோசித்தான். "இல்லை அக்கா. உண்மையாத்தான். சிரிக்கேல்லை."

இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். சொன்னான். அங்கேயே நின்று குழறி அழுதேன்.

அவளுடைய தொலைநோக்கிகளை உலகம் வைத்துக்கொள்ளட்டும், புகழை ஊர் வைத்துக்கொள்ளட்டும். எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அவளுடைய அந்த வயிற்றெரிச்சலை மட்டும்தான். அதில் ஒருவருக்கும் பங்கு கிடையாது. ஆனால் எடியே றெஜினா, அதை எனக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருக்கக்கூடாதா?