ஒன்றரை அங்குலம் கூடிய படி

மாதேஸ்வரன் மேஸ்திரி தன் அறுபத்து மூன்று வயதுக்குள் நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் நூற்றுப் பத்து வீடுகளும் ஏழு கல்யாண மண்டபங்களும் எண்ணிக்கைக்கு அடங்காத கோழிக் கொட்டகைகளும் கட்டியவர். இவற்றில் எதையும் ஊர் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அது நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு படியை. சேந்தமங்கலத்தில் கோழிப்பண்ணை சின்னண்ணன் வீட்டு மாடிப்படியில், மேலே ஏறி முடிக்கும் கடைசிப் படி. மற்ற பதினாறும் ஆறரை அங்குல உயரம். அது மட்டும் எட்டு. ஏறுகிறவர்கள் எல்லோரும் அதில் கால் தடுக்குவார்கள். தடுக்கியவுடன், "எந்த மேஸ்திரி கட்டுனதுங்க?" என்பார்கள்.

உண்மையில் கட்டியபோது பதினேழும் ஒரே உயரம்தான். குடிபுகப் பத்து நாள் இருக்கையில் சின்னண்ணன் நாமகிரிப்பேட்டையில் ஒரு மஞ்சள் வியாபாரி வீட்டில் கிரானைட் தரையைப் பார்த்துவிட்டார். மறுநாளே கல் வந்து இறங்கியது. மாடித் தரை ஒன்றரை அங்குலம் உயர்ந்தது. படிகளுக்கு அந்த யோகம் இல்லை.

"ஏனுங்க, கடைசிப் படி தடுக்குமுங்க. வேண்டாமுங்க" என்றார் மேஸ்திரி.

"தடுக்குனா தடுக்கட்டும். கல்லு மினுங்கறதப் பாருங்க!"

பால் காய்ச்சிய அன்று சின்னண்ணனின் அக்கா, பால் சொம்போடு அந்தப் படியில் முதல் பலியானார். கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் சின்னண்ணன் திரும்பிப் பார்த்து, "என்னுங்க மேஸ்திரி, கணக்குல கோட்ட உட்டுட்டீங்களே!" என்றார்.

மேஸ்திரி பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் அன்று காலையில்தான் சின்னண்ணன் மகன் மணிமாறனுக்கு மேஸ்திரியின் மகள் தேவிப்ரியாவைக் கேட்டிருந்தார்கள். மேஸ்திரியின் மனைவி ஜோதி அவர் கையில் நறுக்கென்று கிள்ளினார். வாய் மூடிக்கொண்டது. அதன் பிறகு பதினோரு வருடம் அது திறக்கவில்லை.

மணிமாறனுக்கு ஸ்காட்லாந்தில் வேலை. இரண்டாவது பேத்தி பிறந்ததற்காக மேஸ்திரியும் ஜோதியும் ஆறு மாதம் அங்கே போய் இருந்தார்கள். போன முதல் நாளே மேஸ்திரி அந்த வீட்டின் எல்லாச் சுவர்களையும் விரலால் தட்டிப் பார்த்தார். எல்லாம் அட்டை. ஆணியடிக்கவும் லாயக்கில்லாத அந்தச் சுவர்களுக்குள் உட்கார்ந்து மழையைப் பார்ப்பதே அவருக்கு உத்தியோகமாயிற்று. சும்மா இருப்பதில் இவ்வளவு களைப்பு இருக்கும் என்பது கல் சுமந்த காலத்தில் அவருக்குத் தெரியவில்லை.

அந்த நிலையில்தான் ஒரு நாள் சின்னண்ணன் வீடியோவில் வந்தார். "சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. ஆடி கழிஞ்சதும் அந்தப் படிய ஒடச்சுச் சரி பண்ணப் போறேன். காத்தான்னு வேற மேஸ்திரி வாரான்."

அவர் பின்னால் உறவினர் ஆறு பேர் நின்று தலையாட்டினார்கள். படி தடுக்கிக்கொண்டு மட்டும் இருந்த வரை அது வெறும் பேச்சு. இன்னொருவன் உளி வைத்துவிட்டால், தப்பு மேஸ்திரியுடையதுதான் என்று தீர்ப்பாகிவிடும். மேஸ்திரி அன்றோடு மழையைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

"அப்பா, வாங்கப்பா, ஒரு எடத்துக்குப் போயிட்டு வரலாம். ஊட்டுக்குள்ளயே இருந்தா மூட்டு இன்னும் புடிச்சுக்கும்" என்றாள் தேவிப்ரியா.

"கோயிலா சாமி?"

"இல்லீங்கப்பா. நானூறு வருசத்துக் கோபுர வீடு. அந்தக் காலத்து ஜமீன்தார் ஊடுன்னு வெச்சுக்குங்க."

"எத்தன மாடி?"

"அஞ்சு."

"லிஃப்டு?"

தேவிப்ரியா கார் சாவியைத் தேடப் போய்விட்டாள்.

வயல் நடுவில் சாம்பல் நிறக் கல்லில் ஒற்றையாக நின்றது அந்த வீடு. அகலம் கொஞ்சம், உயரம் நிறைய. "சைட்டு சின்னது போல" என்று மேஸ்திரி முதல் கருத்தை வெளியிட்டார். ஆனால் ஜன்னலுக்குள் கையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். தோள் வரை கை போயும் விரல் கண்ணாடியைத் தொடவில்லை. ஐந்தடிச் சுவர். ஆறு மாதத்தில் முதல் தடவையாக, தட்டினால் விரல் வலிக்கும் சுவர்.

"செவுருன்னா இது செவுரு" என்றார், கோயிலில் பேசும் குரலில்.

கீழ்த்தளம் வில்வளைவான கல் கூரையோடு மாடுகளுக்கும் தானியத்துக்கும். மனிதர்கள் மேலே. "நம்ம சம்பந்தி பண்ணையில கோழி மேல, எச்சம் கீழ. இவன் பரவால்ல" என்று பாராட்டினார். மூலைகளில் சின்னச் சின்ன உருண்டை அறைகள் சுவரை விட்டு வெளியே தொங்கின. அடியில் ஒரு கல்லுக்கு மேல் ஒரு கல்லாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளி அடுக்கியிருந்தார்கள். "கம்பி ஒண்ணு கெடையாது. காங்கிரீட்டும் கெடையாது. எவனோ ரோசக்காரன் கட்டியிருக்கான், கண்ணு."

பிறகு படி. சுவருக்குள்ளேயே சுருண்டு சுருண்டு ஏறியது. கைப்பிடிக்கு ஒரு கயிறு. மாடிக்கு மாடி மேஸ்திரி நின்று, "முடிஞ்சுதா?" என்றார். மாடிக்கு மாடி தேவிப்ரியா, "இன்னும் ஒண்ணுங்கப்பா" என்றாள். நான்காவது மாடியைத் தாண்டிய இடத்தில் மேஸ்திரிக்குக் கால் தடுக்கியது. கயிற்றைப் பிடித்துத் தப்பினார்.

குனிந்து சாண் போட்டுப் பார்த்தார். மற்ற படிகளைவிட இரண்டு விரற்கடை அதிகம். "பாவம். இவனும் மாட்டிக்கிட்டான்" என்றார். நானூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு கொத்தனாருக்காக அவர் கண் கலங்கியதை மகள் பார்த்தாள்.

சுற்றிக் காட்டிய கம்பளிக் குல்லா அம்மாள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"அப்பா, இது தப்பில்லீங்களாமா. வேணும்னே ஒசரமா வெச்சதாமா. எதிரி இருட்டுல ஏறி வந்தா தடுக்கி உழுகணுமுன்னு."

மேஸ்திரி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இன்னொருக்காச் சொல்லச் சொல்லு, சாமி" என்றார். அந்த அம்மாள் இன்னொரு முறை சொன்னார். பின்னால் ஏறி வந்த எட்டு ஐரோப்பியர்கள், ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராக, அவர் எழுந்திருக்கும் வரை காத்திருந்தார்கள்.

ஊர் திரும்பிய மறுநாள், விமானக் களைப்போடு சேந்தமங்கலம் போனார். காத்தான் உளியோடு வந்து மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செல்போனில் அந்தக் கோபுர வீட்டுப் படியின் படத்தைக் காட்டி, அங்கே காதில் விழுந்ததை மட்டும் சொன்னார்.

சின்னண்ணன் படத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் மனைவி அங்காளம்மாள்தான் கேட்டார்: "எதிரி உழுகறதுக்குங்கறீங்க. பதினோரு வருசமா உழுந்தது நாமதானுங்களே?"

"நீ சும்மா இரு."

அப்போது முட்டை வியாபாரி சென்றாயன் மாடிக்கு ஏறி வந்தார், கடைசிப் படியில் தடுக்கினார், சுவரைப் பிடித்தார். சின்னண்ணன் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா! ஸ்காட்லாந்துக் கோட்டையில இருக்கற படியாக்கும். மேஸ்திரி வேண்டாமுன்னுதான் சொன்னாரு. நாந்தான் கேக்கல. காத்தான், உளியப் பையில வைப்பா."

பதினோரு வருடத்தில் அந்தப் படியைப் பற்றிச் சின்னண்ணன் சொன்ன முதல் உண்மை அது. தப்பு மேஸ்திரியுடையது என்று அவரே நம்பிப் பல வருடம் ஆகிவிட்டதால், பொய் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"ஆமாங்களா மேஸ்திரி?" என்று சென்றாயன் கேட்டார்.

"ஆமாங்க" என்றார் மேஸ்திரி. அந்தப் படிக்கு மேலே கிரானைட்டில் உட்கார்ந்து படியில் காலை வைத்துக்கொண்டார். எட்டு அங்குலம், மூட்டுவலிக்காரனுக்கு வசதியான உயரமாகத்தான் இருந்தது.