எட்வினின் குழாயில் தடித்திருந்த வெள்ளை வளையம்

எட்வின் இறந்துவிட்டான்.

இன்று காலை அவன் மனைவி ரெஜினா தொலைபேசியில் சொன்னார். மடவார் வளாகக் கோயிலுக்கு அருகில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போய், முகம் பார்த்துத் திரும்பி, இதை எழுதுகிறேன். கண்ணீரோடு அல்ல... கடுஞ்சினத்தோடு.

என்னை மேடைகளில் மட்டும் அறிந்தவர்களுக்கு: பகலில் நான் இராசபாளையத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் புரதங்களைப் பிரித்துத் தூய்மைப்படுத்துகிறவன். எட்வினோ குருதியிலிருந்து அணுக்களைப் பிரித்தெடுப்பவன். பதினான்கு ஆண்டுகள் ஒரே மேசை.

நான் மையவிலக்கி என்பேன். "ஏலே, சென்ட்ரிஃப்யூஜ்னு சொல்லுலே. நீ அம்புட்டையும் சொல்லி முடிக்கதுக்குள்ள அது சுத்தி நின்னுரும்" என்பான்.

ஒருநாள், மாலைக் கூட்டத்துக்கான உரையை ஆய்வகத்திலேயே உரக்கப் பழகிக்கொண்டிருந்தேன். என் புரதம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த கண்ணாடிக் குழாயில் நீர் வற்றியதைக் கவனிக்கவில்லை. உள்ளே நிரப்பியிருந்த நுண்மணிகள் உலர்ந்து பிளந்துவிட்டன. நான்கு நாள் உழைப்பு... போயிற்று.

எட்வின் திட்டவில்லை. என்னோடு உட்கார்ந்து குழாயை மறுபடி நிரப்பினான். "உன் பேச்சு நிக்காது, தெரியும். இது நிக்கும்லே, பாத்துக்க" என்றான். துறைத் தலைவரிடம் போய், தவறு தன்னுடையது என்று சொல்லிவிட்டான்.

அந்தப் பொய்யை நட்பு என்று கொண்டாடியவன் நான்.

இனிச் சொல்லப்போவதுதான் நெஞ்சை அறுக்கிறது.

நோயாளிகளின் அணுக்களோடு ஒப்பிட, நலமுள்ள ஒருவரின் குருதி வேண்டும். அதற்கு நாங்கள் வெளியே ஆள் தேடுவதில்லை. ஒரு திங்கட்கிழமை என் கை, மறு திங்கட்கிழமை அவன் கை.

அடர்ந்த நீர்மத்தின் மேல் குருதியைக் கலங்காமல் பரப்பிச் சுழற்றினால், செவ்வணுக்கள் அடியில் இறங்கிவிடும். வெள்ளணுக்கள் மட்டும் நடுவில் ஒரு மெல்லிய வளையமாக நிற்கும். நூல் போல. அதைச் சிதறாமல் உறிஞ்சி எடுக்க நடுங்காத கை வேண்டும். எட்வினின் கை நடுங்காது.

ஈராண்டுக்கு முன், அவன் முறை வந்த ஒரு திங்கட்கிழமை... அவன் குழாயில் வளையம் பாலாடை போலத் தடித்திருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தேன். மாணவர்களை அழைத்தேன். ஓர் அணுவைக்கூட இழக்காத கை இது, கற்றுக்கொள்ளுங்கள் என்று முழங்கினேன்.

எட்வின் என் கையிலிருந்து குழாயை வாங்கி, கழிவுக் கலத்தில் கொட்டினான்.

"இது சரிப்படாது. நீ கையை நீட்டு."

என் குழாயில் வழக்கம்போல நூலளவுதான். நான் வெட்கப்பட்டேன். ஆம்... அவன் வளையத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அதன் பிறகு அவன் கை நீட்டவே இல்லை. நரம்பு சிக்குவதில்லை என்றான். ஊசிக்குப் பயந்தவன் என்று எள்ளினேன். சனிக்கிழமைதோறும் மகளைப் பார்க்க மதுரைக்குப் போகிறேன் என்றான். பேருந்து நிலையம் வரை அவன் பையை நான்தான் சுமந்தேன்.

சென்ற ஆண்டு, கூமாப்பட்டியில் மாமனாரின் தோப்பைப் பார்க்க வேண்டும் என்று வேலையை விட்டான். பிரிவு விழாவில் நான் பேசினேன். களத்தின் நடுவில் படைக்கலனைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் என்றேன். அரங்கம் சிரித்தது.

அவனும் கைதட்டினான். முதல் வரிசையில் இருந்து.

இன்று ரெஜினா சொல்கிறார்: "அன்னைக்கு அந்தக் குழாயைப் பாத்த ஒடனேயே அவியளுக்குத் தெரிஞ்சுபோச்சு அண்ணே. பொறவுதான் மதுரைல டெஸ்ட் எடுத்தாவ. ரத்தப் புத்துநோய்."

வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் நோய். நான் மாணவர்களைக் கூட்டி வியந்தது அதைத்தான்.

சனிக்கிழமைப் பயணமெல்லாம் மருத்துவமனைக்கு. மகளுக்குத் தெரியும். அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியும். பங்குத்தந்தைக்குத் தெரியும்.

என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ரெஜினா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவன்ட்ட சொன்னா அடுத்த கூட்டத்துலயே எம் பேரைச் சொல்லி அழுதுருவான்னு அவிய சொன்னாவ."

அங்கிருந்து நேரே ஆய்வகத்துக்கு வந்தேன். அந்த ஆண்டின் குறிப்பேட்டை எடுத்தேன். அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தில் அவன் கையெழுத்து, ஒரு சுழியும் கோணாமல்:

எட்வின் ரத்தம் நார்மல் இல்லை. இனி எடுக்கக் கூடாது.

ஈராண்டாக என் கைக்கெட்டும் தட்டில் இருந்த ஏடு. தாளிடம் உண்மை சொன்னவன், பக்கத்தில் நின்ற என்னிடம் நரம்பு சிக்கவில்லை என்றான்.

என்னை எப்படி எடைபோட்டிருந்தாய், எட்வின்... ஒரு வாய் என்றுதானா?

நாளைக் காலை அடக்கம். கல்லறையில் நான் இரண்டு சொல் பேச வேண்டும் என்று உன் மகள் கேட்கிறாள்.

வருவேன். உன் பெட்டிக்குத் தோள் கொடுப்பேன்.

பேச மாட்டேன்.

போய் வாடா.